மணல் நிலத்தில் மலக்கழிவுத் தாங்கி: அமைக்கும் முறையும் பராமரிப்பும்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலும் வாழுங் கமக்காரர்க்கு

மணற்பாங்கான ஊர்களிலே ஒருவர் வளவொன்றைப் பெற்றால் முதலிற் கிணற்றை வெட்டுவர். நீர் நன்னீர் எனக் கண்ட பின்னரே வீட்டிற்கு அத்திவாரம் இடுவர். மலசலகூடமோ யாவற்றுக்கும் இறுதியாக, எஞ்சிய மூலையிலே, எஞ்சிய சீமெந்தைக் கொண்டு கட்டப்படுவதுண்டு. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். மணல் நிலத்திலே கிணறும் மலசலகூடமும் ஒரே நீரைத் தொட்டு நிற்பன. ஒன்றிற் செய்யும் பிழை மற்றொன்றில் வெளிப்படும். ஆதலால், இரண்டுக்கும் இடத்தை ஒரே நாளிற் குறித்தல் வேண்டும்.

செப்ரிக் தாங்கி எனப் பொதுவாக வழங்கும் மலக்கழிவுத் தாங்கியை மன்னார் நிலத்திற்கு ஏற்றவாறு அமைப்பது எவ்வாறு, அதனைப் பேணுவது எவ்வாறு என்பன இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

மன்னார் நிலத்தின் இயல்பு

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான, அகலங் குறைந்த நிலப்பரப்பாகும். மன்னார் நகரிலிருந்து எருக்கலம்பிட்டி, பேசாலை வழியாகத் தலைமன்னார் வரையும் நிலம் பெரும்பாலும் மணலே. ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையும் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைக்கின்றது. அம்மழைநீர் மணலூடாக இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கிணற்றிற் கிடைக்கும் நன்னீர் இப்படையிலிருந்தே வருகின்றது.

இப்படையின் கீழே கடல் நீர் உண்டு. மேலே மனிதனுடைய கழிவு உண்டு. கீழிருந்து வருங் கேட்டைக் கமக்காரர் நன்கறிவர். இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நீர் உவர்த்துப் போவதை நாவே காட்டிவிடும். மேலிருந்து வருங் கேட்டை நாவு காட்டாது. மலக்கழிவு கலந்த நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருத்தல் கூடும்.

பெருநிலப்பரப்பிலே நிலைமை வேறு. அருவியாற்று நீரைப் பெறுங் கட்டுக்கரைக்குளத்தின் கீழ், முருங்கன் முதலிய நெற்செய்கைப் பகுதிகளில் நிலம் கருங்களியாகும். மணல் நீரை மிக விரைவாக விடுகின்றது. களியோ நீரை விடுவதேயில்லை. எனவே இரண்டிற்கும் ஒரே அமைப்பு ஏற்றதன்று.

கேடு விளையுமாறு

மலக்கழிவினால் நிலத்தடி நீருக்கு இருவகைக் கேடுகள் உண்டாகின்றன.

முதலாவது, நோய்க்கிருமிகள். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், ஈரல் அழற்சி என்பவற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களும் வைரசுகளும் மலத்தோடு வெளியேறுகின்றன. நீர் நிரம்பாத மணற்படையூடாகக் கழிவுநீர் மெதுவாக இறங்குமாயின், மணலின் இடைவெளிகளிலுள்ள காற்றும், மணலில் வாழும் நுண்ணுயிர்களும் இக்கிருமிகளிற் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். ஆனாற் குழியின் அடி நிலத்தடி நீரைத் தொடுமாயின் இப்பாதுகாப்பு முற்றாக இல்லாது போகின்றது. கிருமிகள் நீரோடு நீராகக் கிணற்றை நாடிச் செல்லும்.

இரண்டாவது, நைத்திரேற்று. பயிருக்கு உரமாகும் அதே பொருள் இது. ஒருவருடைய மலசலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதிற் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. ஐவர் வாழும் வீடாயின் ஆண்டுக்கு 15 கிலோகிராம். இது 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமமாகும். கமக்காரர் எவரும் ஆண்டுதோறும் அரை மூடைக்கு மேற்பட்ட யூரியாவைத் தங் கிணற்றோரத்திலே புதைக்க ஒருப்படார். ஆனாற் குழி மலசலகூடம் அதனையே செய்கின்றது.

குடிநீரிலே ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உயர்ந்த எல்லை என உலகச் சுகாதார தாபனம் வகுத்துள்ளது. 15 கிலோகிராம் நைதரசன் முழுவதும் மாறினால் 65 கிலோகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று உண்டாகும். அதனை மேற்கூறிய எல்லைக்குட் கொண்டுவருவதற்கு 13 இலட்சம் இலீற்றர் நீர் வேண்டும். 60 அடி அகலமும் 120 அடி நீளமுங் கொண்ட வளவிலே, 1000 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஆண்டில் வீழும் நீர் முழுவதுஞ் சேர்ந்தாலும் 7 இலட்சம் இலீற்றரைத் தாண்டாது. நைதரசனில் ஒரு பகுதி வாயுவாக மாறிப் போவதும், ஒரு பகுதியைப் பயிர்கள் உண்பதும் உண்மையே. எனினும் வீடுகள் நெருங்கிய ஊரிலே கேடு எவ்வளவு எளிதில் வருமென்பதை இக்கணக்குக் காட்டும்.

நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பாலை ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பூக்கும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி மடியும், நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும், கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்திலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. கற்பிட்டியில் 1980 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, மரக்கறித் தோட்டங்களுக்கு இட்ட உரம் மணலூடாக இறங்கியதைக் காட்டிற்று. மன்னார் மணலும் அத்தகையதே. தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவும் ஒரே படையிற் சேருகின்றன என்பதை மரக்கறி செய்வோர் மறத்தலாகாது.

தாங்கி தொழிற்படும் முறை

மலக்கழிவுத் தாங்கி புதியதொன்றன்று. 1860 ஆம் ஆண்டளவிற் பிரான்சு தேசத்திலே மூரா என்பவர் இவ்வகைத் தாங்கியை அமைத்தார். இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரிலே டொனால்டு கமரன் என்பவர் 1890 ஆம் ஆண்டுகளில் அதனைத் திருத்தி, இன்றும் வழங்கும் ஆங்கிலப் பெயரையும் சூட்டினார்.

தாங்கி நீர் கசியாத ஒரு பெட்டியாகும். மலமும் நீரும் அதனுட் புகுந்து ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள் அசைவற்று நிற்கும். பாரமானவை அடியிற் சேறாகத் தங்கும். கொழுப்பும் இலேசானவையும் மேலே ஆடையாக மிதக்கும். இடையிலுள்ள நீர் வெளியேறும். காற்றில்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் சேற்றை மெல்ல மெல்ல உண்டு அதன் அளவைக் குறைக்கும்.

தாங்கி கழிவைத் தூய்மையாக்குவதில்லை. பாரமானதைப் பிரித்து வைப்பதே அதன் தொழில். வெளியேறும் நீரிலே கிருமிகளும் நைதரசனும் நிறைந்திருக்கும். அந்நீரைத் தூய்மையாக்குவது மண்ணே. ஆகவே தாங்கி பாதி வேலை. அதன் பின்னுள்ள மண்படுக்கை மறுபாதி. தாங்கியை நன்றாகக் கட்டி, அதன் நீரை ஆழக் குழியொன்றில் விடுபவர் பாதி வேலையையே செய்தவராவர். அடியில் தளமிடாது கல் அடுக்கிய குழியைத் தாங்கி எனக் கூறுவதும் தவறு.

இடந் தெரிதல்

முதலில் அறிய வேண்டியது, மாரியில் நிலத்தடி நீர் எவ்வளவு உயரத்திற்கு எழுகின்றது என்பதாகும். இதனைக் கோடையில் அளத்தல் பயனற்றது. மார்கழி, தை மாதங்களிற் கிணற்று நீரின் மட்டத்தைக் கிணற்றுக் கட்டிலே தீந்தையாற் குறித்து வைத்தல் நன்று. அவ்வாறு குறிக்காதோர், கிணற்றின் உட்சுவரில் நீர் ஏறி நின்ற கறையைக் கொண்டு ஓரளவு அறியலாம்.

மண்படுக்கையின் அடி, இவ்வுயர்ந்த நீர்மட்டத்திலிருந்து 5 அடியேனும் மேலே இருத்தல் வேண்டும். கிணற்றிலிருந்து 50 அடிக்குட் கழிவுநீரை மண்ணில் விடுதலாகாது. மணல் நிலத்திலே 100 அடி தூரம் கிடைக்குமாயின் அதுவே பாதுகாப்பானது. வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியும், தென்னை, வேம்பு முதலிய பெருமரங்களிலிருந்து 10 அடியும் தாங்கி விலகியிருத்தல் வேண்டும்.

நிலத்தடி நீர் ஓடுந் திசையையும் கவனித்தல் வேண்டும். தீவிலே அது பொதுவாக நடுநிலத்திலிருந்து இரு கரைகளையும் நோக்கி மெதுவாக நகர்கின்றது. ஆதலாற் கிணறு நடுநிலப் பக்கத்திலும் மலசலகூடம் கரைப்பக்கத்திலும் அமைதல் முறை. ஆனால் இயந்திரத்தால் நெடுநேரம் இறைக்குங் கிணறு நாற்றிசையிலிருந்தும் நீரைத் தன்பால் இழுக்கும். அத்தகைய கிணற்றிற்குத் திசையை மாத்திரம் நம்புதலாகாது, தூரமே காவல்.

விளக்கத்திற்காக முற்கூறிய வளவையே எடுத்துக்கொள்வோம். அகலம் 60 அடி, நீளம் 120 அடி. கிணறு தெருவோரத்திலிருந்து 20 அடியில் உள்ளது. உரியவர், தங் கிணற்றிலிருந்து இயன்ற அளவு விலக்கவேண்டுமெனக் கருதி, பின்வேலியிலிருந்து 10 அடியிலே படுக்கையை அமைக்க எண்ணுகின்றார். தங் கிணற்றுக்கு 90 அடி தூரங் கிடைக்கின்றது. ஆனாற் பின்வளவுக்காரருடைய கிணறு வேலிக்கு அப்பால் 10 அடியில் இருக்கின்றது. அவருக்குக் கிடைப்பது 20 அடியே. இரு கிணறுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 110 அடி. படுக்கையைச் சரி நடுவிலே, தெருவிலிருந்து 75 அடியில், வளவின் குறுக்கே அமைத்தால் இரு கிணற்றுக்கும் 55 அடி வீதங் கிடைக்கும். தமக்கு 90 அடியை வைத்து அயலவர்க்கு 20 அடியைக் கொடுப்பது முறையன்று. வேலி நிலத்தின் மேலேதான் உண்டு. நிலத்தடி நீருக்கு வேலியில்லை. அயலவருங் குழி வெட்டுமுன் இவ்வாறே நினைத்தல் வேண்டுமாயின், இவர் முதலில் அவ்வாறு செய்து காட்டல் வேண்டும்.

இடத்தைக் குறித்தபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டி, நகர சபையின் அல்லது பிரதேச சபையின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 745 ஆம் இலக்க நியமம் மலக்கழிவுத் தாங்கிகளைப் பற்றியதே. மேசன்மார் அதன்படி கட்டுதல் நன்று.

தாங்கியின் அளவு

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு உள்ளளவாக 6 அடி நீளமும், 3 அடி அகலமும், 4 அடி நீராழமுங் கொண்ட தாங்கி போதும். நீரின் மேல் 1 அடி காற்றிடம் விடப்படல் வேண்டும். இத்தாங்கி 72 கன அடி, அதாவது ஏறத்தாழ 2000 இலீற்றர் கொள்ளும்.

ஒருவருடைய மலத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலீற்றர் சேறு தங்குமெனக் கொள்ளலாம். ஐவருக்கு 200 இலீற்றர். தாங்கியின் மூன்றிலொரு பங்கு நிரம்புவதற்கு மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்படும். எனவே மூன்றாண்டுக்கு ஒருமுறை சேற்றை அகற்றல் வேண்டும் என்பது இவ்வளவிலிருந்தே பெறப்படும். சிறிய தாங்கி கட்டுவோர் சீமெந்தில் மிச்சம் பிடித்ததைப் பவுசர்க் கூலியிலே கொடுப்பர்.

தாங்கியை இரு அறைகளாகப் பிரித்தல் வேண்டும். முதலறை 4 அடி. இரண்டாமறை 2 அடி. இடைச்சுவரிலே நீராழத்தின் நடுவே துவாரம் விடப்படும். சேறும் ஆடையும் அத்துவாரத்தை எட்டா. தெளிந்த நீரே மறு அறைக்குச் செல்லும்.

கட்டும் முறை

1. அடித்தளம்: 1:2:4 என்ற விகிதத்தில் (சீமெந்து 1, மணல் 2, சல்லி 4) 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்று இடுக. கடல் மணலையும் உவர்நீரையும் கலவைக்குப் பயன்படுத்தலாகாது. உப்பு கம்பியைக் கறள் பிடிக்கச் செய்து மூடியை வெடிக்கச் செய்யும். மூடியிலுள்ள கம்பிக்கு ஒன்றரை அங்குலத்திற்குக் குறையாத கொங்கிறீற்று மறைப்பு வேண்டும்.

2. சுவர்: நன்கு நீரூற்றிப் பதமாக்கிய 6 அங்குலச் சீமெந்துக் கற்களாற் கட்டி, உட்புறத்தை 1:3 கலவையாற் பூசி, சீமெந்துப் பால் தடவி மழமழப்பாக்குக. மூலைகளைச் சற்று வளைவாகப் பூசினாற் கசிவு குறையும்.

3. குழாய்கள்: மலசலகூடத்திலிருந்து வரும் 4 அங்குலக் குழாய் 40 அடிக்கு 1 அடி சரிவிலேனும் அமைதல் வேண்டும். உட்செல்லும் வாயிலும் வெளிச்செல்லும் வாயிலும் 'ரீ' வடிவக் குழாய்த்துண்டு பொருத்துக. உட்செல்லும் துண்டு நீர்மட்டத்தின் கீழ் 1 அடியும், வெளிச்செல்லும் துண்டு ஒன்றரை அடியும் இறங்கியிருக்கும். வெளிச்செல்லும் வாய், உட்செல்லும் வாயினும் 3 அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

4. மூடிகள்: இரு அறைகளின் மேலும் தனித்தனி மூடி வேண்டும். தூக்குவதற்கு வளையம் வைத்து, ஓரங்களை வெறுஞ் சாந்தால் அடைத்துவிடுக. சிறுவர் திறக்க இயலாத பாரம் இருத்தல் வேண்டும்.

5. காற்றுக்குழாய்: வீட்டுக் கூரைக்கு மேலே செல்லுமாறு ஒரு குழாயை நிறுத்தி, அதன் வாயில் நுளம்பு புகாத வலையைக் கட்டுக. காற்றுக்குழாயின் வலை கிழிந்த தாங்கி நுளம்புப் பண்ணையாகும்.

6. கசிவுச் சோதனை: பூச்சு முற்றிய பின்னர் வெளிவாயை அடைத்துத் தாங்கியை நீரால் நிரப்பி ஒரு நாள் ஊறவிடுக. மறுநாள் மீண்டும் நிரப்பி மட்டத்தைக் குறிக்க. அடுத்த நாள் அரை அங்குலத்திற்கு மேற் குறைந்திருப்பின் கசிவு உண்டு. வெடிப்பைக் கண்டு பூசுக. இச்சோதனையைச் செய்யாமற் கூலி முழுவதையுங் கொடுத்தலாகாது.

கடைகளில் விற்கும் பிளாத்திக்குத் தாங்கிகளையும் பயன்படுத்தலாம். ஆயினும் நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் வெறுமையான தாங்கி ஓடம்போல மேலே கிளம்பிவிடும். கொங்கிறீற்றுத் தளத்தோடு பிணித்து, இறக்கியவுடனே நீரால் நிரப்புதல் வேண்டும்.

வெளியேறும் நீரை மண்ணிற் சேர்த்தல்

மணல் நிலத்திலே ஆழமான ஊறுகுழி ஆகாது. ஆழமில்லாத நீண்ட வாய்க்காற் படுக்கையே ஏற்றது. 2 அடி அகலமும் ஒன்றரை முதல் 2 அடி வரை ஆழமுமான வாய்க்காலை மட்டமாக வெட்டி, அரை முதல் ஒன்றரை அங்குலச் சல்லியை ஓரடி உயரத்திற்கு இட்டு, அதன் மேற்பகுதியிலே துளையிட்ட 4 அங்குலக் குழாயைப் பதிக்க. சல்லியின் மேல் வடிதுணி அல்லது தடித்த வைக்கோற் படையை விரித்து மண்ணால் மூடுக. விரிக்காவிடின் மேல்மண் இறங்கிச் சல்லியை அடைத்துவிடும்.

ஒரு சதுர மீற்றர் மணலில் நாளொன்றுக்கு 40 இலீற்றருக்கு மேல் விடாதிருத்தல் நன்று. மலசலகூட நீர் மாத்திரமாயின், ஐவருக்கு நாளொன்றுக்கு 200 இலீற்றரளவில் வரும். 30 அடி நீள வாய்க்கால் போதும். குளியல் நீரையுஞ் சமையலறை நீரையுஞ் சேர்த்தால் 600 இலீற்றராகும். 80 அடி வேண்டும். ஆதலாற் குளியல் நீரைத் தனியே பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் விடுதல் மன்னாரின் வரண்ட காலத்துக்கு இருவகையிலும் இலாபமாகும். சமையலறை நீரைக் கொழுப்பு வடிக்கும் சிறு தொட்டியூடாகச் செலுத்தியே வெளியே விடுதல் வேண்டும்.

மாரியில் நீர் நிலத்திலிருந்து 4 அடி ஆழம் வரை எழும் இடங்களிலே வாய்க்காலை வெட்டவே கூடாது. அங்கே மேட்டுப்படுக்கை வேண்டும். நிலத்தின் மேலே 1 அடி நடுத்தர மணலைப் பரப்பி, அதன் மேற் சல்லியும் குழாயும் இட்டு, 9 அங்குல மண்ணால் மூடிப் பக்கங்களைச் சரிவாக்கிப் புல் நடுக. படுக்கையின் அடிக்கும் நீருக்கும் இடையில் வேண்டிய 5 அடி இவ்வாறு கிடைக்கும். நீர் தானே வடிந்து செல்வதற்குத் தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து 2 அடி உயரத்திலும், மலசலகூடத் தளம் ஏறத்தாழ 4 அடி உயரத்திலும் அமையும். படிகள் கூடுமென முதியோர் வருந்தலாம். அகலமான தாழ்ந்த படிகளும் உறுதியான கைபிடியும் அமைத்து அக்குறையைத் தீர்க்கலாம். தாங்கிக்கு ஆழமாகத் தோண்டும் வேலையும், நீர் ஊறும் குழியினுள் நின்று கட்டும் இடரும் இம்முறையில் இல்லாது போகின்றன என்பது ஒரு நன்மை.

வளவு மிகச் சிறியதாகி 50 அடியுங் கிடைக்காத இடத்திலே, நீரூற்றாத உயர்தள மலசலகூடம் வேறொரு வழியாகும். அதிற் சிறுநீர் தனியே பிரிக்கப்பட்டு, மலம் சாம்பலோடு நிலத்தின் மேலுள்ள இரு அறைகளில் மாறி மாறிச் சேர்க்கப்படும். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியிலே இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

களிமண் நிலத்து வீடுகள்

முருங்கன், நானாட்டான் முதலிய பகுதிகளிலே களி மாரியில் வீங்கி நீரை விடாது. கோடையிலே வெடித்து, கழிவுநீரை வெடிப்பூடாக வடிகட்டாது கீழே செலுத்தும். இங்கே வெட்டிய வாய்க்கால் மழைக்காலத்திற் பொங்கி வழியும். வயலின் மட்டத்திலிருந்து உயர்த்திய மணற் படுக்கையே இங்கும் ஏற்றது. அதனைச் சுற்றி வாழையும் தடித்த புல்லும் நட்டால் அவை நீரை உறிஞ்சி ஆவியாக்கும். எக்காரணத்தைக் கொண்டும் தாங்கியின் வெளிக்குழாயை நீர்ப்பாசன வாய்க்காலிலோ வயலிலோ விடுதலாகாது. வயலிலே வெறுங்காலோடு இறங்குவோர் அதே ஊரவரே.

பயிரும் கழிவுநீரும்

கமக்காரர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். நைதரசன் உரமெனின், அதனைத் தோட்டத்திற்கு விட்டாலென்ன? படுக்கையின் ஓரத்தில் வாழை, தென்னங்கன்று, மாட்டுப்புல் என்பவற்றை நடலாம், நடுதலே நன்று. அவற்றின் வேர்கள் நைதரசனை நீருக்கு இறங்கவிடாது தடுத்து உண்ணும். தென்னையைப் படுக்கையிலிருந்தும் தாங்கியிலிருந்தும் 10 அடி விலக்கி நடுக. கீரை, வெங்காயம், கரட்டு, வெள்ளரி என மண்ணைத் தொட்டு வளர்பவற்றையும் பச்சையாக உண்பவற்றையும் படுக்கையின் மேலோ அருகிலோ நடலாகாது.

தாங்கியிலிருந்து எடுத்த சேற்றை மரக்கறிப் பாத்தியில் இடுவது பெருந்தவறு. வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காக உயிரோடு கிடக்கும். சந்தைக்குச் செல்லும் கீரைக் கட்டோடு அவையுஞ் செல்லும்.

கிணற்று நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதாகச் சோதனையிற் கண்டால், அந்நீரைப் பயிருக்கு இறைக்கத் தடையில்லை. அது யூரியாவின் ஒரு பகுதியைச் செய்யும். அதற்கேற்ப உரத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாம். உரத்தையும் ஒரே முறையில் இடாது, சிறிது சிறிதாகப் பலமுறை இடுக. குடிப்பதற்கு, சிறப்பாகக் குழந்தைக்குப் பால் கரைப்பதற்கு, அந்நீரை விலக்கிக் குழாய் நீரைப் பெறுதல் வேண்டும்.

பராமரிப்பு

தாங்கி மறக்கப்படும் பொருளாதலாற் பழுதடைகின்றது. ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்திலே, பெரும்போக வேலைகள் தொடங்குமுன், ஒரு காலைப்பொழுதை அதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

மூடியைத் திறந்து, வெள்ளைத்துணி சுற்றிய நீண்ட தடியை மெதுவாக அடிவரை இறக்கிச் சிறிது நேரம் நிறுத்தி எடுக்க. துணியிற் கருஞ்சேறு பற்றிய உயரமே சேற்றின் ஆழம். சேறும் ஆடையுஞ் சேர்ந்து நீராழத்தின் மூன்றிலொரு பங்கை, அதாவது 16 அங்குலத்தை, எட்டினாற் பவுசரை அழைத்தல் வேண்டும். படுக்கையில் நீர் கசிந்து நிற்றல், கோப்பையில் நீர் மெதுவாக இறங்கல், துர்நாற்றம் என்பன சேறு வெளியேறிச் சல்லியை அடைக்கத் தொடங்கிவிட்டமைக்கு அறிகுறிகள். அதன் பின்னர் பவுசர் வந்தும் முழுப்பயனில்லை. படுக்கையையே மாற்ற நேரும்.

வெள்ளங் குறையாத நாளில் தாங்கியை வெறுமையாக்கலாகாது. சுற்றியுள்ள நீர் அதனை மேலே தூக்கி வெடிக்கச் செய்யும். வற்றிய காலமே சேறெடுக்கும் காலம். எடுத்த சேற்றை உள்ளூராட்சிச் சபை ஒதுக்கிய இடத்திற்கன்றி, கடனீரேரிக்கோ பற்றைக் காட்டிற்கோ கொண்டுசெல்ல இடங்கொடுத்தலாகாது.

பொலித்தீன், துணி, முடி, சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய், மிகுந்த பினைல், வெளிற்றுந் தூள் என்பவற்றைக் கோப்பையில் இடலாகாது. மருந்து தெளிகருவியைக் கழுவிய நீரை ஒருபோதும் மலசலகூடத்தில் ஊற்றலாகாது. அது தாங்கியிலுள்ள பற்றீரியாக்களைக் கொல்வதோடு கிணற்றையும் அடையும். தாங்கியைத் தொடக்குவதற்கு மாவோ நொதியோ மருந்தோ வேண்டியதில்லை. வேண்டிய பற்றீரியாக்கள் மலத்தோடு தாமே வருவன. படுக்கையின் மேல் உழவு இயந்திரமோ வண்டியோ செல்லவிடாது வேலியிடுக.

உயிராபத்து

தாங்கியினுள் மனிதர் எவரும் இறங்கலாகாது. அங்கே ஐதரசன் சல்பைட்டு வாயுவும் மெதேனும் உண்டு. ஒட்சிசன் மிகக் குறைவு. ஐதரசன் சல்பைட்டு மிகுந்தவிடத்து மூக்கு அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலை இழந்துவிடும். இறங்கியவர் ஒரு சொல்லுங் கூறாது விழுவார். அவரைத் தூக்க இறங்கிய மகனும் அயலவரும் அவர்மேல் விழுவர். இந்தியாவிலே 2013 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்கழிவுத் தாங்கியினுள் ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சேறெடுத்தல் வெளியிலிருந்து குழாயாலேயே நடைபெறல் வேண்டும். திறந்த தாங்கியருகே தீக்குச்சி கிழித்தலும், புகைபிடித்தலும் ஆகா. மூடி திறந்திருக்கும் வேளை சிறுவரைத் தனியே விடலாகாது.

இப்போதுள்ள குழிகள்

பழைய குழி மலசலகூடம் உடையோர் யாவரும் உடனே தாங்கி கட்ட இயலாது. அவர்கள் முதலிற் செய்ய வேண்டியவை மூன்று. குழியின் அடி மாரி நீரைத் தொடுகின்றதா என அறிக. கிணற்றின் சுவரை நிலத்திலிருந்து 3 அடி உயர்த்தி, சுற்றிலும் சீமெந்துத் தளமிட்டு, சிந்தும் நீரைத் தூரச் செலுத்துக. கிணற்று நீரை மாரிக்குப் பின் ஒருமுறை சோதிப்பிக்க. இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ நாடலாம். சோதனை முடியும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே குடித்தல் வேண்டும். வெள்ளத்திற் கிணறு மூழ்கியிருப்பின் குளோரீன் இட்டு இறைத்த பின்னரே பயன்படுத்துக. கைவிட்ட குழியைச் சுண்ணாம்பும் மண்ணும் இட்டு முற்றாக மூடி, அதன்மேல் வாழை நடுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் ஒரே நாளில் இடங் குறிக்க. அயலவர் கிணற்றையும் அளக்க.
2. நீர்மட்டத்தை மாரியில் அளக்க. படுக்கையின் அடி அதற்கு 5 அடி மேலே இருக்க வேண்டும்.
3. கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையலாகாது. 100 அடி நன்று.
4. தாங்கி கசியாதிருத்தல் வேண்டும், நிரப்பிச் சோதிக்க.
5. மணலில் ஆழக்குழி வேண்டாம்; ஆழமில்லாத படுக்கை அல்லது மேட்டுப்படுக்கை அமைக்க.
6. ஆண்டுதோறும் புரட்டாதியில் அளக்க. மூன்றாண்டுக்கு ஒருமுறை சேற்றை அகற்றுக.
7. தாங்கியினுள் எவரையும் இறக்கலாகாது.
8. சேற்றை மரக்கறிக்கு இடலாகாது.

கமக்காரர் விதைநெல்லைப் பூச்சியணுகாது அடுத்த போகத்திற்கென வைப்பர். மன்னார் மணலின் கீழுள்ள நன்னீரும் அத்தகைய விதைப்பொருளே. மாரியில் நிலத்தினுள் இறங்கும் நீரையே ஆடியிலும் ஆவணியிலும் பிள்ளைகள் குடிக்கின்றனர். அந்நீர் தூயதாக இறங்குதற்கு வேண்டிய செலவு, ஒரு தாங்கியும், சிறிது சல்லியும், ஆண்டில் ஒரு காலைப்பொழுதுமேயாம்.